நேற்றுவரை கூட்டாளி, இன்று சுப்பர்வைசர்: கொழும்பில் முதல் தடவை பொறுப்பெடுக்கிறவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை வரை ஒன்றாக இருந்து சோத்துப் பார்சல் பிரித்துச் சாப்பிட்ட ஆட்களுக்குத் திங்கட்கிழமையில் இருந்து நீங்கள்தான் சுப்பர்வைசர் என்று முதலாளி சொல்லிவிட்டார். புறக்கோட்டை மொத்தக் கடையாக இருக்கலாம், காலி வீதி ஷோரூமாக இருக்கலாம், கொள்ளுப்பிட்டியில் ஏசி போட்ட அலுவலகமாகவும் இருக்கலாம். சம்பளம் கொஞ்சம் கூடும், தலையிடி அதைவிடக் கூடும். அந்தத் திங்கட்கிழமைக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சம் எல்லாம் இதில் இருந்துதான் வரும். கூட வேலை செய்தவர்கள் உங்களை மதிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். ரோஸ்டரில் யாருடைய பெயர் எந்த நாளில் இருக்கிறது, லீவு கேட்டால் யாருக்குக் கிடைக்கிறது, ஏதாவது பிழைத்துப்போனால் முதலாளிக்கு முன்னால் யாருடைய பெயர் அடிபடுகிறது. உங்கள் பேச்சும் படிப்பும் இதற்குப் பிறகுதான் கணக்கில் வரும். தலைமைத்துவப் பயிற்சி என்று ஹோட்டல் மண்டபங்களில் நாள் முழுக்க ஸ்லைடு காட்டுகிறார்கள், மத்தியானச் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு ரோஸ்டரை எப்படி மனச்சாட்சியோடு போடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓம் சொல்ல முதல்

பதவி என்றதும் எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. கூடவே வேறு சிலதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லீவை நானே அனுமதிக்கலாமா, உங்களிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டுமா? பெட்டி கேஷில் எவ்வளவு வரைக்கும் நான் கையெழுத்து வைக்கலாம்? நான் எடுத்த முடிவை மாற்ற வேண்டி வந்தால் என்னிடம் சொல்லிவிட்டு மாற்றுவீர்களா, இல்லை ஆட்களிடம் நேரே சொல்லிவிடுவீர்களா? இதெல்லாம் கடிதத்தில் வருமா?

மூன்றாவது கேள்விதான் ஆகப் பெரியது. குடும்பமாக நடத்துகிற கடைகளில் முதலாளி, அவருடைய தம்பி, மகன், சில நேரம் மருமகன் என்று நாலு பேர் கட்டளை போடுவார்கள். நீங்கள் லீவு இல்லை என்று சொன்ன ஆளுக்குப் பின்னேரம் முதலாளியின் மகன் சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தால், அடுத்த நாளில் இருந்து உங்களிடம் யாரும் கேட்க வரமாட்டார்கள், நேரே அவரிடம்தான் போவார்கள். "சேர், நீங்கள் தாராளமாக மாற்றலாம், ஆனால் அதை என் வாயாலேயே சொல்ல விடுங்கள்" என்று முதல் நாளே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். சரி என்பவரிடம் வேலை செய்யலாம். முகம் சுளிக்கிறவரிடம் உங்களுக்குக் கிடைப்பது பதவியின் பெயர் மட்டும்தான், அதைத் தெரிந்துகொண்டே ஏறுங்கள்.

முதல் கிழமை: வாய் மாறக்கூடாது

நேற்றுவரை அண்ணா என்று கூப்பிட்டவரை இன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அக்கா அக்காதான், சிங்கள ஸ்டாஃபில் மூத்தவரை ஐயே என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். அவர்கள் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று நீங்கள் சட்டம் போடவும் வேண்டாம். வாடிக்கையாளருக்கு முன்னால் மச்சான் என்று கத்தாமல் இருந்தால் போதும், அதையும் நல்ல வார்த்தையாக ஒரு தடவை சொன்னால் விளங்கும். சேர் என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்கிய ஆட்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் சேர், பின்னால் என்ன பட்டப்பெயர் என்பதை ஸ்டோரில் போய்க் கேட்டால் தெரியும்.

இந்தக் கிழமையில் செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை, இந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று எதிர்பார்த்திருந்த ஆளோடு கதைப்பது. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அநேகமாக உங்களைவிட சீனியர், வேலையும் உங்களைவிட நன்றாகத் தெரியும். ஊர் முழுக்க இவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்குள் வேண்டாம், வெளியே தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு இது வேண்டாம் என்றுதான் சொன்னேன், முதலாளி கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய் என்று அவருக்கும் தெரியும். உள்ளதைச் சொல்லுங்கள்: "அண்ணா, இது உங்களுக்கு வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டோரில் உங்களைக் கேட்காமல் ஒன்றையும் மாற்றமாட்டேன். ரோஸ்டர் நான்தான் போடுவேன், அதில் பிழை தெரிந்தால் எனக்கு நேரே சொல்லுங்கள்." இவ்வளவு போதும். அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு கிளாஸை வைத்துவிட்டு எழும்பினாலும் பரவாயில்லை, கேட்டிருப்பார். பிறகு சொன்னபடி நடந்தீர்களா என்று பார்ப்பார். ஸ்டோர் அலுமாரி ஒன்றை இடம் மாற்றுவதற்குக்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அந்த ஒரு மாதத்துக்காவது.

ரோஸ்டரும் லீவுப் புத்தகமும்

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்துக் கொடுக்கிற பல விஷயங்கள் அவர்களுக்குச் சட்டப்படி உரியவை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வழமையான வேலை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் ஓ.டி., மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு. வருட லீவு 14 நாள், தற்செயல் லீவு 7 நாள், முதல் வருட வேலைக்கு மட்டும் இவை குறையும். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் வேலை வாங்கினால் அன்றைக்கும் ஒன்றரை மடங்கு. லீவு கேட்டு வருகிறவரை உதவி கேட்டு வந்தவர் மாதிரி நிறுத்தி வைத்துக் கதைக்கிற பழக்கம் நம்முடைய கடைகளில் நிறைய. உங்களுக்கு அது தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரோஸ்டர். வருடத் தொடக்கத்தில் ஒரு பெரிய கலண்டரை எடுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் கேளுங்கள்: இந்த வருடம் என்ன ஆனாலும் உங்களுக்கு விட்டே ஆக வேண்டிய இரண்டு நாள் எது? ஒருவருக்குத் தீபாவளி, ஒருவருக்குப் பெருநாள், ஒருவருக்கு ஏப்ரல் புத்தாண்டு, கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருவனுக்கு அந்தோனியார் கோயில் திருநாள், இன்னொருவருக்கு மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. அதை எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டிவிடுங்கள். மிச்ச நாட்களில் இழுபறி வரத்தான் செய்யும், ஆனால் இந்த இரண்டு நாளில் வராது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஸ்டாஃபுக்கு டெலிவரி போடக்கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் போடுகிறார்கள்.

தமிழ் சுப்பர்வைசருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தீபாவளிக்கு ஹட்டன் பக்கத்துப் பெடியன்கள் எல்லோருமே போக வேண்டும் என்பார்கள், அது நியாயம்தான், வருடத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகள். மலைக்குப் போய்வரவே ஒரு நாள் போய்விடும், ஆகவே ஒரு நாள் லீவு கொடுப்பது அவர்களுக்கு லீவு கொடுக்காததற்குச் சமம். யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறுகிறவருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் தீபாவளிக்குக் கையைத் தாராளமாக நீட்டிவிட்டு ஏப்ரலில் குருணாகல் போக வேண்டிய சிங்களப் பெடியனுக்கு "ஒரு நாள் போதும்தானே" என்றால், நீங்கள் யாருடைய ஆள் என்று எழுதி ஒட்டின மாதிரி. இங்கே உதவுகிற ஒரு பழக்கம் சொல்கிறேன்: முடிவை எழுதின பிறகு பெயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்தக் காரணத்தை அவர் சொல்லியிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேனா? ஓம் என்றால் ஒட்டுங்கள். கொஞ்சம் தயங்கினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இனத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், சொந்த ஊர்க்காரன், பழைய பள்ளிக்கூடக் கூட்டாளி, நன்றாகப் பகிடி விடுகிற ஆள் என்று மனது சாய்கிற பக்கம் நிறைய இருக்கிறது.

உங்கள் பெயரை எங்கே போடுவது? முதல் மாதம் ஆக மோசமான ஷிஃப்டில், சனிக்கிழமை இரவு ஷட்டர் இறக்குகிற ஆளாக, நீங்களே நில்லுங்கள். பிறகு எல்லோரையும் போல முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சனிக்கிழமையும் நானே என்று தியாகம் காட்டத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் எரிச்சல் வரும், அந்த எரிச்சலை யார் மீதாவது கொட்டுவீர்கள்.

ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டால், ஒருவருக்கு மச்சாளின் கல்யாணம், மற்றவருக்கு அம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், யார் முதலில் கேட்டார் என்ற விதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். விதி என்பது யோசிக்கத் தேவையில்லாத சின்ன விஷயங்களுக்கு. கிளினிக் தேதி தவறினால் அடுத்தது மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம், கல்யாணத்துக்கு அரை நாள் கொடுத்தாலும் போய்வரலாம். இப்படி யோசித்து முடிவெடுங்கள், எடுத்த முடிவை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவருடைய வீட்டுக் கதையை மற்றவருக்குச் சொல்லாமல் "அவருக்கு மாற்ற முடியாத காரணம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், நாளைக்குத் தன்னுடைய கதையும் வெளியே போகாது என்று கேட்கிறவருக்குத் தெரியும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, பிறகு பெற்றோல் வரிசை, ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வரும் வரைக்கும் ஷெட்டுக்கு முன்னால் இரவு முழுக்கக் கிடந்தவர்கள் எத்தனை பேர். வரிசையில் நின்று கண் சிவந்து வந்தவருக்கு ஒன்பது மணி தாண்டிவிட்டது என்று சிவப்பு மையில் லேட் மார்க் போட்ட சுப்பர்வைசர்களை ஆட்கள் இன்றும் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். தெமட்டகொடையில் இருந்து நடந்து வருகிறவரையும் வான் வைத்திருப்பவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி, அதைச் சமத்துவம் என்று சொன்னவர்களும் உண்டு. வரவு ரெஜிஸ்டரை ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தரைக்குத் திறந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் இன்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கிறது.

மொழி

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிது இல்லை, ஆனால் சுப்பர்வைசர் ஆன பிறகு இதன் எடை வேறு. நீங்கள் ஒரு தமிழ்ப் பெடியனோடு தமிழில் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பக்கத்தில் ஒரு சிங்களச் சகோதரர் பெட்டி பிரிக்கிறார். அவருக்கு உங்கள் கதை விளங்காது, நடுவில் வந்த தன்னுடைய பெயர் மட்டும் விளங்கும். "நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு கிராண்ட்பாஸ் போ" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அவர் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்தப் பெயரைத்தான் யோசிப்பார். ஆகவே ஒருவருடைய பெயர் வந்தால், அவர் அருகில் இருந்தால், அந்த வசனத்தை அவருக்கு விளங்குகிற மொழியில் மறுபடி சொல்லிவிடுங்கள். உங்கள் சிங்களம் உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வேலை விஷயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். தமிழ் ஆட்களுக்குக் காலையிலேயே தெரிந்து, மற்றவர்களுக்கு மத்தியானம் தெரிகிற ரோஸ்டர், எவ்வளவு நியாயமாகப் போட்டிருந்தாலும் சந்தேகமாகத்தான் பார்க்கப்படும். வாட்ஸ்அப் குரூப்பில் வொயிஸ் நோட் போட்டால் இரண்டு மொழியிலும் போடுங்கள். எழுத்தில் போட்டால் தேதியும் நேரமும் எண்ணில் இருக்கட்டும். ஏசுவதைக் குரூப்பில் போடவே போடாதீர்கள், எந்த மொழியிலும்.

காசு குறையும்போது

நல்ல தீர்ப்பு என்பது என்ன என்று தத்துவமாகக் கதைப்பதைவிட ஒரு இரவைப் பார்ப்போம். எட்டரை மணி, ஷட்டர் பாதி இறக்கியாகிவிட்டது, டில்லில், அதாவது காசுப் பெட்டியில், எண்ணினால் 4,850 ரூபாய் குறைகிறது. பின்னேரம் இரண்டு பேர் அந்த டில்லைத் தொட்டிருக்கிறார்கள். வழமை என்ன? இரண்டு பேருடைய சம்பளத்திலும் பாதி பாதி வெட்டு. முதலாளிக்கு நட்டமில்லை, உங்களுக்கும் வேலை முடிந்தது. ஆனால் இரண்டு பேருமே எடுத்திருக்கமாட்டார்கள், ஒருவர் மட்டும் எண்ணிக்கையில் பிழை விட்டிருக்கலாம், அப்படியென்றால் ஒன்றும் செய்யாத ஒருவரின் சம்பளத்தில் 2,425 ரூபாயை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். சம்பளத்தில் நினைத்தபடி கைவைக்கச் சட்டமும் விடாது.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் வாயைத் திறக்க வேண்டாம். நீங்களே இன்னொரு தடவை எண்ணுங்கள், கார்ட் ஸ்லிப்பைச் சரிபாருங்கள், கடன் பில், திருப்பிக் கொடுத்த சாமான், பெட்டி கேஷ் துண்டு, முதலாளியின் மகன் "பிறகு தாறேன்" என்று எடுத்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் பாருங்கள். பாதி நேரம் கடைசியாகச் சொன்னதில்தான் கிடக்கும். கிடைக்கவில்லையா, இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஆனால் மற்றவருக்கு முன்னால் சந்தேகத் தொனியில் இல்லை, "மூன்று மணியில் இருந்து என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லுங்கள்" என்று. பேக்கைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். அதைச் செய்த பிறகு அந்த ஆளோடு நீங்கள் ஒன்றாக இருந்து சாப்பிட முடியாது.

அப்படியும் தெரியவில்லை என்றால் முதலாளியிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்: "என் ஷிஃப்டில் 4,850 குறைந்திருக்கிறது. யார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாமல் வெட்டச் சொல்லவும் முடியாது. நாளையில் இருந்து கை மாறும்போது எண்ணிக் கையெழுத்து வைத்துத்தான் மாறுவோம்." உங்கள் முகத்துக்கு நேரே ஏச்சு விழும். அந்த ஏச்சை வாங்குவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். பிறகு அந்த எண்ணிக் கையெழுத்து வைக்கிற முறையை உண்மையிலேயே நடத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது.

சப்ளையர் கொடுக்கிற விஷயம் சின்னது. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் பலகாரப் பெட்டி வந்தால் எல்லோருக்கும் முன்னால் உடைத்துப் பங்கு போடுங்கள். கவரில் காசு வந்தால் அதே ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலாளிக்கும் சொல்லிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு இலஞ்சம் என்பது அரசாங்கக் கந்தோர்களோடு நிற்கிற குற்றம் இல்லை, தனியார் நிறுவனத்துக்குள் கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம்தான்.

மேலே இருந்து பிழையான கட்டளை வந்தால்

ஒரு நாள் வரும். ஓ.டி. தாளில் மணித்தியாலத்தைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், அல்லது புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு "இப்போதைக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேண்டாம்" என்பார்கள். ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேல் முதலாளி கட்டுகிற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். பயிற்சிக் காலம், தற்காலிகம் என்று பெயர் வைத்து இதைத் தள்ளிப்போட முடியாது. அந்தப் பெடியன்களுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும், பிரச்சினையே அதுதான்.

1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில் நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலஞ்சர் விண்ணோடத்தின் ரொக்கெட் பகுதியைச் செய்த மோர்ட்டன் தியோகோல் கம்பெனியின் பொறியியலாளர்கள், இந்தக் குளிரில் இணைப்பில் இருக்கிற ரப்பர் வளையம் ஒழுங்காக அடைக்காது, நாளைக்கு ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனியின் மேலதிகாரிகள் தனியாகக் கதைத்தார்கள். அதில் மூத்தவர் ஒருவர், பொறியியல் பிரிவுக்குப் பொறுப்பானவரைப் பார்த்து, பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மனேஜர் தொப்பியைப் போடச் சொன்னார். அவரும் சம்மதித்தார். மறுநாள் ஏவி 73 செக்கனில் விண்ணோடம் சிதறியது, 7 பேரும் இறந்தார்கள். நம்முடைய கடையில் உயிர் போகாது என்று நினைக்கலாம், ஃபயர் எக்ஸிட்டுக்கு முன்னால் பெட்டி அடுக்கச் சொன்னால் போகவும் கூடும். எப்படியானாலும் அந்தத் தொப்பி வசனத்தை உங்களிடமும் சொல்வார்கள், வேறு சொற்களில்: "நீ இப்ப அவங்கட ஆள் இல்லை, எங்கட ஆள்." அதைக் கேட்டதும் மனது கொஞ்சம் குளிரும், அந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டோரில் நின்றபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது எதையும் மேசைக்கு வந்ததும் மறந்துவிடக்கூடாது.

முதலாளியிடம் இல்லை என்று சொல்வது எப்படி? ஆட்களுக்கு முன்னால் வேண்டாம், தனியாக. தாள் அச்சடித்த பிறகு வேண்டாம், முதல் நாளே. "இது பாவம்" என்று தொடங்க வேண்டாம், கணக்கோடு போங்கள்: மூன்று பேருக்கும் மாதம் இவ்வளவுதான் வரும், பிறகு தொழில் திணைக்களம் பிடித்தால் பின்தேதியிட்டு முழுவதும் மேலதிகக் கட்டணத்தோடு கட்ட வேண்டும், அதைவிட இப்போது கட்டுவது லேசு. பெரும்பாலான முதலாளிமார் கணக்கு விளங்கினால் இறங்கிவருவார்கள். இறங்காவிட்டால் உங்கள் கையால் அதை எழுத முடியாது என்று சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல். வேலை போய்விடுமோ என்ற பயம் வரும், வீட்டு வாடகை யாருக்கும் நிற்காது, அதனால் எல்லாவற்றுக்கும் மோதுங்கள் என்று சொல்லமாட்டேன். ஏசி வெப்பநிலைக்கும் தேத்தண்ணி இடைவேளைக்கும் மோதிக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் உங்கள் குரலுக்கு மதிப்பு இருக்காது.

யாருக்காக நிற்பது

1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்தோடு ஒரு நாள் கிரிக்கெட் போட்டி. முரளிதரனின் பந்தை நடுவர் ரொஸ் எமர்சன் நோ பால் என்றதும் இலங்கைக் கப்டன் அர்ஜுன ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோடு வரைக்கும் வந்துவிட்டார். விரலை நீட்டி நடுவரோடு அவர் வாதாடிய காட்சியைப் பார்க்காத இலங்கையர் குறைவு. கடைசியில் அந்தப் போட்டியை இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது, அவர் மீது ஒழுங்கு விசாரணையும் வந்தது. நடுவரோடு அப்படி நடந்தது சரியா என்று இன்றைக்கும் வெள்ளவத்தைச் சலூன்களில் சண்டை பிடிக்கலாம். எனக்கும் அந்த விரல் பிடிக்காது. ஆனால் 1995 மெல்பேர்னில் டரல் ஹெயர் நோ பால் கொடுத்த நாளில் இருந்து அந்தப் பந்துவீச்சாளரைக் கப்டன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அணியில் இருந்த மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குத் தனக்கு ஒன்று நடந்தால் இவர் நிற்பார் என்று அவர்களுக்கும் விளங்கியிருக்கும்.

கடையில் இது எப்படி வரும்? வாடிக்கையாளர் ஒருவர் கவுண்டரில் நிற்கிற பிள்ளையைக் கெட்ட வார்த்தையில் ஏசுகிறார். நீங்கள் முன்னால் போங்கள், அந்தப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் கதையுங்கள். பிழை பிள்ளையுடையது என்றால் அதைப் பிறகு, தனியாக. பிழையையும் சேர்த்து மூடிமறைப்பது நிற்பது ஆகாது, மற்ற ஸ்டாஃபுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பெண் ஸ்டாஃப் விஷயத்தில் இன்னும் கவனம். சீசன் நேரத்தில் சுணங்கி மூடினால் மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் போகிற பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று ரோஸ்டர் போடும்போதே யோசியுங்கள், ஷட்டர் இறக்கின பிறகு யோசித்துப் பிரயோசனம் இல்லை. த்ரீவீலர் காசைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒருவர் வந்து இன்னார் கையைப் பிடித்தார், இப்படிக் கதைத்தார் என்று சொன்னால் "அவன் பகிடிக்குச் செய்திருப்பான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவன் உங்கள் பழைய கூட்டாளியாக இருந்தால் அந்த வசனம் வாயில் தானாக வரும். பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி குற்றம், வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருக்கிறவர் வார்த்தையால் செய்தாலும் அதில் அடங்கும். சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, சொன்னவர் சம்மதித்தால் அன்றே மேலே கொண்டுபோங்கள். ஷிஃப்டை மாற்ற வேண்டும் என்றால் அவனை மாற்றுங்கள், அவளை மாற்றாதீர்கள்.

கண்டிப்பது

எவ்வளவு நியாயமாக நடந்தாலும் ஒருவர் விளையாட்டுக் காட்டுவார். முதல் தடவை வாயால் சொல்லுங்கள், பின்னேரம் வேலை முடிகிற நேரத்தில், கதவுக்கு வெளியே. என்ன செய்தார், அதனால் யாருக்கு வேலை கூடியது என்று மட்டும் சொல்லுங்கள், "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற பழைய கணக்கை இழுக்க வேண்டாம். பிறகு அவர் வாயைத் திறக்க இடம் கொடுங்கள். "நீங்கள் மட்டும் போன மாதம் சுணங்கி வரவில்லையா" என்று திருப்பிக் கேட்டால், அது உண்மையென்றால், ஓம் என்று சொல்லிவிட்டு உங்கள் பெயருக்கு நேரேயும் அந்த லேட்டை எழுதுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது தடவை என்று போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டி வரும். அதை அவர் வாசிக்கிற மொழியில் கொடுங்கள். ஆங்கிலத்தில் அடித்த கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு எச்சரித்தோம்தானே என்பது நம்முடைய கம்பெனிகளில் சாதாரணமாக நடக்கிறது, தொழில் நியாயசபை வரைக்கும் போனால் அதுவே கேள்வியாக வரலாம். என்ன தேதி, என்ன நடந்தது, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதுங்கள், பதில் எழுத அவருக்கு உதவிக்கு யாராவது வேண்டுமென்றால் விடுங்கள். வந்த பதிலை உண்மையாகவே வாசியுங்கள், ஏனென்றால் சில நேரம் அதில் ரோஸ்டரைப் பற்றி ஒரு வரி இருக்கும், அந்த வரி சரியாகவும் இருக்கும்.